டிக்கி மூலையில ஃபைபர் சப் பாக்ஸ், வீட்டுலயே செய்யலாம்

சின்ன கார்ல ரெடிமேட் சப் பாக்ஸ் (சப்னா சப்வூஃபர், பேஸ் சத்தத்துக்கான பெரிய ஸ்பீக்கர்) வச்சா ஊருக்கு போறப்ப பை வைக்க இடமே இருக்காது, அதனால வீல் ஆர்ச்சுக்கு பின்னாடி சும்மா கிடக்குற மூலைய அச்சு எடுத்து அதுலயே பாக்ஸ் செஞ்சிடலாம்.

முதல்ல சப்போட மேனுவல பாத்து பாக்ஸுக்கு உள்ள எத்தனை லிட்டர் இடம் வேணும்னு குறிச்சுக்கோங்க. கன அடில போட்டிருந்தா 28.3 ஆல பெருக்குங்க.

மூலை முழுக்க மாஸ்கிங் டேப் ரெண்டு லேயர், அதுக்கு மேல அலுமினியம் ஃபாயில், மேல வேக்ஸ். சுத்தி இருக்குற கார்பெட், சீட் எல்லாத்தையும் பிளாஸ்டிக் ஷீட் போட்டு மூடிடுங்க, ரெசின் சொட்டுனா போகவே போகாது. இன்னொன்னு, அச்சு வெளிய வருமான்னு முன்னாடியே யோசிங்க, நான் ஆசைப்பட்டு உள்பக்கம் வளைஞ்ச இடம் வரைக்கும் மேட் (கண்ணாடி நார் விரிப்பு) ஒட்டிட்டு, காய்ஞ்சப்புறம் அது அங்கயே மாட்டிக்கிச்சு, கடைசில பிளேடு வச்சு அறுத்துதான் எடுத்தேன்.

இப்ப ரெசின். ஒரு கிலோ பாலியஸ்டர் ரெசினுக்கு கோபால்ட் (இறுகுறத வேகப்படுத்துற திரவம்) சுமாரா 10 மில்லி ஊத்தி நல்லா கலக்கிட்டு, அப்புறமா ஹார்ட்னர் (ரெசின இறுக வைக்கிற திரவம்) 10 மில்லி. நம்ம வெயிலுக்கு இது போதும், மொத்தமா கலக்காம கால் கிலோ கால் கிலோவா கலக்குங்க, இல்லன்னா மக்குலயே சூடாகி கட்டியாயிடும். கோபால்ட்டையும் ஹார்ட்னரையும் நேரா ஒண்ணா மட்டும் சேர்த்துடாதீங்க, தீ பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். ஹார்ட்னர் கண்ணுல பட்டா பார்வையே போகலாம், கண்ணாடி, கையுறை கட்டாயம். சாதா துணி மாஸ்க் இந்த வாடைய நிறுத்தாது, கார்பன் கேட்ரிட்ஜ் மாஸ்க் போட்டுட்டு கதவெல்லாம் தொறந்து வச்சு வேலை பாருங்க.

450 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 450 கிராம்) மேட்ட கத்தரில வெட்டாம கையால பிச்சு போடுங்க, ஓரம் ஒண்ணோட ஒண்ணு கலந்துடும். பிரஷ்ஷால இழுக்காதீங்க, குத்தி குத்தி வைங்க. வெள்ளையா இருக்குற மேட் கண்ணாடி மாதிரி ஆகணும், எங்கயாச்சும் வெள்ளைப் புள்ளி தெரிஞ்சா உள்ள காத்து நிக்குது. ரெண்டு லேயர் காய்ஞ்சதும் வெளிய எடுத்து, இன்னும் நாலு லேயர் வெளிய வச்சே போட்டுக்கலாம்.

18 எம்எம் எம்டிஎஃப்ல (மரநார் பலகை) சப்ப மாட்டுற ரிங் வெட்டி குச்சி வச்சு நிறுத்துங்க, டிக்கி கதவு மூடுதான்னு அப்பவே பாத்துடுங்க. பழைய டி-ஷர்ட்ட ரிங்குலேந்து அச்சு ஓரம் வரைக்கும் இழுத்து ஸ்டேப்பிள் அடிச்சு ரெசின் பூசுங்க.

துணி இறுகினதும் ரிங் ஓட்டை வழியா பொரிய கொட்டி நிரப்பி, திருப்பி லிட்டர் மக்குல அளந்து பாருங்க. (அந்த பொரிய யாரும் சாப்பிட்டுறாதீங்கப்பா.) அதுல சப் அடைக்கிற ஒண்ணு ரெண்டு லிட்டர கழிக்கணும். பத்தலன்னா இப்பவே துணிய அறுத்து ரிங்க வெளிய தள்ளுங்க, மேல மேட் ஏத்திட்டா கஷ்டம்.

அளவு சரியா வந்தா மேலயும் நாலு லேயர், மேடு பள்ளத்த அடைக்க பாடி பட்டி, அப்புறம் 80, 120 நம்பர் உப்புத்தாள். பெயிண்ட் அடிக்கிறதுக்கு முன்னாடி சப்ப மாட்டி, ஜாயிண்ட்ல சோப்பு நுரை தடவி கோன (ஸ்பீக்கர் நடுவுல அசையிற கூம்பு) மெதுவா அமுக்குங்க, முட்டை விடுற இடத்துல திரும்ப ரெசின் வைங்க.