கார்பன் ஃபைபரை அறுக்கும்போதும் துளையிடும்போதும் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ட்ரோன் சட்டகம் செய்வதற்காக 3 மி.மீ. கார்பன் ஃபைபர் தகடு (கார்பன் இழைகளைப் பிசினால் இறுக்கிச் செய்தது) வாங்கி வீட்டிலேயே அறுப்பவர்கள், அதை ப்ளைவுட்டைப் போலக் கருதிவிடுகிறார்கள். மரத்தூள் கண்ணுக்குத் தெரியும், பெரும்பகுதி காலடியிலேயே விழுந்துவிடும். கார்பன் இழையோ 5 முதல் 7 மைக்ரான் தடிமன் கொண்டது, ஏறத்தாழ தலைமுடியில் பத்தில் ஒரு பங்கு. அறுத்து முடித்த மேசை சுத்தமாக இருப்பதாகத் தோன்றினால், விளக்கை அணைத்துவிட்டு டார்ச்சைப் பலகையோடு படுக்கவைத்து அடித்துப் பாருங்கள்; கருப்புத் துணுக்குகள் மினுமினுப்பதைக் காண்பீர்கள்.

இழைகள் பெரும்பாலும் குறுக்காகவே முறிவதால் அவற்றின் தடிமன் குறையாது, 3 மைக்ரானுக்கு மேற்பட்ட இழை நுரையீரலின் ஆழத்தை எட்டாது, ஆகவே முகக்கவசம் தேவையில்லை என்று சிலர் வாதிடுகிறார்கள். இதில் பாதிதான் உண்மை. கிரைண்டரும் உப்புத்தாளும் இழையை நொறுக்கவும் செய்கின்றன. அதோடு இழைகளைப் பிணைத்திருக்கும் எப்பாக்சி பிசினின் தூள் அதைவிட நுண்ணியதாக மூச்சோடு உள்ளே போகிறது. கைக்குட்டையும் சர்ஜிக்கல் மாஸ்க்கும் இதற்குப் போதாது. குறைந்தது என்95 கவசமாவது வேண்டும், அதுவும் முகத்தோடு ஒட்டியிருக்க வேண்டும். தாடி இருந்தால் ஓரங்களில் காற்று புகுந்துவிடும். சாதாரண மூக்குக் கண்ணாடியும் பக்கவாட்டில் திறந்தே இருப்பதால், மூடிய பாதுகாப்புக் கண்ணாடி அணிவதே சரி.

சிறிய வேலைக்குக் கிரைண்டரை எடுப்பது வீண் ஆபத்து என்பேன். நெருக்கமான பல்லுள்ள ஹாக்ஸா பிளேடும், அறுக்கும் இடத்தை ஈரமாக வைக்கச் சிறிது தண்ணீரும் போதும். ஆனால் தண்ணீர் ஊற்றிக்கொண்டே கரண்டில் ஓடும் கருவியைப் பயன்படுத்தக் கூடாது. ஈரத்தில் சேர்ந்த கருஞ்சேற்றை உடனே துடைத்தெடுக்க வேண்டும். நாளை பார்க்கலாம் என்று விட்டால், காய்ந்து மறுபடியும் தூளாகிப் பறக்கும்.

துளையிடும்போது மழுங்கிய டிரில் பிட்டை அழுத்தி ஓட்டுவது பரவலான தவறு. கார்பன் ஃபைபர் சாதாரண ஹெச்எஸ்எஸ் (ஹை ஸ்பீட் ஸ்டீல் எனும் எஃகு) பிட்டைச் சில துளைகளிலேயே மழுக்கிவிடும். பிறகு அது அறுப்பதற்குப் பதில் தேய்க்கிறது, பிசின் சூடேறிக் கருகுகிறது. அந்தக் கருகல் வாடை வந்தவுடன் நிறுத்திவிட்டு அதைவிடக் கடினமான கார்பைட் பிட்டுக்கு மாறுங்கள். தகட்டுக்கு அடியில் கட்டை வைத்து இறுக்கினால் பிட் வெளியேறும் பக்கம் பிசிறு கிளம்பாது. தொளதொளத்த துணிக் கையுறையைச் சுழலும் பிட் சுற்றி இழுத்துவிடும் என்பதால், விரலோடு படியும் நைட்ரைல் கையுறையே நல்லது.

பலரும் அறுக்கும் அந்தப் பத்து நிமிடம் கவனமாக இருந்துவிட்டு, முடித்தவுடன் கவசத்தைக் கழற்றி, தகட்டை வாயால் ஊதுகிறார்கள் அல்லது கம்ப்ரஸர் காற்றால் அடிக்கிறார்கள். என்னைப் பொறுத்தவரை இதைவிடக் கெட்ட பழக்கம் இந்த வேலையில் இல்லை. துடைப்பமும் தூளைக் கிளப்பவே செய்யும். ஈரத்துணியால் துடைத்து, துணியைப் பையில் கட்டி எறிந்துவிட்டு, அதன் பிறகே கவசத்தைக் கழற்றுங்கள். நுண்தூளையும் பிடிக்கும் ஹெப்பா வடிகட்டி இல்லாத வேக்குவம் கிளீனர் நுண்தூளைப் பின்வழியாக அறைக்குள்ளேயே திருப்பி விடும். கார்பன் மின்சாரத்தைக் கடத்தும் என்பதால், அதே மேசையில் திறந்து கிடக்கும் லேப்டாப்பிலும் சர்க்யூட் போர்டிலும் தூள் படிந்தால் ஷார்ட் ஆகலாம்.

நான் முதன்முறை அறுத்த அன்று, வியர்த்த முன்கையைத் துண்டால் அழுத்தித் துடைத்துக்கொண்டேன். ஒட்டியிருந்த இழைகள் தோலுக்குள் ஏறி, இரவு முழுவதும் மணிக்கட்டிலும் சட்டைக் கை முடியும் இடத்திலும் அரித்துக்கொண்டே இருந்தது. தேய்க்காமல், ஓடும் தண்ணீரில் சோப்பு போட்டுக் கழுவியிருக்க வேண்டும். அந்தச் சட்டையைப் பிள்ளைகளின் துணியோடு சேர்த்துத் துவைக்கவும் கூடாது.

அறுத்த ஓரங்களை அன்றைக்கே வாட்டர் பேப்பரால் (நனைத்துத் தேய்க்கும் உப்புத்தாள்) தேய்த்துவிடுங்கள். இல்லையேல் அந்த ஓரமே பின்னர் சிலாம்பாகக் கையில் ஏறும். ஏறிய சிலாம்பை நகத்தால் நெருடினால் உள்ளேயே முறிந்துவிடும். இடுக்கியால் அது நுழைந்த வழியாகவே, அதே சாய்வில் வெளியே இழுத்தெடுங்கள். ஆழமாகப் போயிருந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். கண்ணில் பட்டுவிட்டால் கசக்காமல் சுத்தமான நீரால் நன்றாகக் கழுவிவிட்டு, அன்றே கண் மருத்துவரைப் பாருங்கள்.