மும்பைப் பிள்ளைகளுக்கு எந்தப் பழைய தமிழ்ப் படத்தை முதலில் காட்டுவது?

செம்பூரில் ஞாயிறு காலைகளில் 13 முதல் 17 வயது வரையுள்ள ஏழெட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். வீட்டில் தமிழ் பேசினாலும் பள்ளியில் இந்தி, மராத்தி, ஆங்கிலம் என்று வளர்ந்தவர்கள் அவர்கள். எழுத்தைக் கூட்டித்தான் வாசிப்பார்கள். முதலாண்டில் எடுத்த எடுப்பிலேயே ‘பராசக்தி’யின் (1952) நீதிமன்றக் காட்சியைப் போட்டுக் காட்டினேன். தமிழ் வசனத்தின் உச்சம் என்று கேட்டு வளர்ந்தவன் நான். காட்சி முடிந்ததும் ஒரு பெண், “அங்கிள், இவர் வக்கீலா, குற்றவாளியா?” என்று கேட்டாள். பிழை படத்திலும் இல்லை, அவளிடமும் இல்லை. வரிசையைத் தப்பாகப் போட்டவன் நான்.

படத்தின் பெருமையைப் பார்த்து வரிசை போடக்கூடாது. அதில் பேசப்படும் தமிழ் பிள்ளையின் காதிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பதைப் பார்த்துத்தான் போடவேண்டும். வீட்டுப் பேச்சுக்கு அருகில் தொடங்கி, வட்டார வழக்குகளைத் தொட்டு, கடைசியில்தான் மேடைத் தமிழுக்குப் போகவேண்டும். பெரும்பாலான வீடுகளில் தாத்தா, பாட்டியின் விருப்பப்படி இது தலைகீழாக நடப்பதால், பிள்ளைகள் தமிழ்ப் படம் என்றாலே எழுந்து போய்விடுகிறார்கள்.

தொடக்கத்துக்கு நான் சொல்வது கே. பாலசந்தரின் ‘தில்லுமுல்லு’ (1981). இது இந்தி ‘கோல்மால்’ (1979) படத்தின் தமிழ் வடிவம் என்பதே மும்பைக்காரர்களுக்குப் பெரிய வசதி. ஏற்கெனவே இந்தியில் பார்த்த பிள்ளைக்குக் கதை புரியுமோ என்ற கவலை இல்லாததால், காது முழுவதும் மொழியின்மேல் இருக்கும். மீசை வைத்த இந்திரனாக முதலாளியிடம் பணிந்து பேசும் ரஜினிகாந்த், மீசை இல்லாத சந்திரனாக வந்ததும் வேறு தமிழ் பேசுகிறார். நோட்டில் இரண்டு பத்தி பிரித்து, இந்திரன் பேசும்போது வரும் மரியாதை விகுதிகளை ஒன்றிலும், சந்திரன் பேசும்போது அவை எங்கே கழன்றுவிடுகின்றன என்பதை மற்றொன்றிலும் குறிக்கச் சொல்லுங்கள். வீட்டுக்கு வந்த பெரியவரை “நீ எப்போ வந்தே?” என்று கேட்டுவிட்டு அம்மாவிடம் முறைப்பு வாங்கும் பிள்ளைகளுக்கு, இலக்கண வகுப்பைவிட இது வேகமாக ஏறுகிறது.

அடுத்தது ஸ்ரீதரின் ‘காதலிக்க நேரமில்லை’ (1964). முழுப் படமும் அவசியமில்லை. நாகேஷ் தன் அப்பாவான பாலையாவுக்குப் பேய்க்கதை சொல்லும் காட்சி ஒன்றே ஒரு வகுப்புக்குப் போதும். முதல் முறை ஒலியை நிறுத்திவிட்டு, பாலையாவின் முகத்தை மட்டும் பார்த்துக் கதையை ஊகிக்கச் சொல்லுங்கள். இரண்டாம் முறை ஒலியுடன், ஆனால் வசனவரி இல்லாமல். மூன்றாம் முறை, ஒருவர் நாகேஷாகவும் மற்றவர் பாலையாவாகவும் உட்கார்ந்து, தங்கள் சொந்தக் கதை ஒன்றைச் சொல்லவேண்டும், கேட்பவர் பயப்படவேண்டும். சென்ற மழைக்காலத்தில் ஒரு பையன், தண்ணீர் தேங்கிய தண்டவாளத்தில் இரவு நின்றுபோன லோக்கல் ரயிலைப் பேய் ரயிலாக்கிச் சொன்னான். “அப்புறம் என்ன ஆச்சுன்னா” என்று அவன் நிறுத்திய இடத்தில் எனக்கே சற்று வயிற்றைக் கலக்கியது. இதே கதை ‘ப்யார் கியே ஜா’ (1966) என்று இந்தியில் வந்தபோது, அந்தக் காட்சியில் மெஹ்மூதும் ஓம் பிரகாஷும் நடித்தார்கள். இரண்டையும் அடுத்தடுத்துக் காட்டினால், தமிழில் சிரிப்பு எந்தச் சொல்லில் வருகிறது என்று பிள்ளைகளே விவாதம் செய்வார்கள்.

வட்டார வழக்குக்கு ‘மைக்கேல் மதன காமராஜன்’ (1990) நல்ல படம். ஆனால் கிரேசி மோகனின் சிலேடைகள் காதில் விழ ஓராண்டுப் பழக்கமாவது வேண்டும். கமல்ஹாசன் ஏற்ற நான்கு வேடங்களில் காமேஸ்வரன் பேசுவது பாலக்காட்டுத் தமிழ், தீயணைப்பு வீரர் ராஜு பேசுவது சென்னைத் தமிழ். மாட்டுங்கா, செம்பூர்ப் பக்கம் பாலக்காட்டுக் குடும்பங்கள் நிறைய உண்டு. வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை இருந்தால், தன் பாட்டியின் பேச்சைத் திரையில் கேட்டதும் நிமிர்ந்து உட்கார்வதைப் பார்க்கலாம். மற்றவர்களுக்கு விளக்கும் பொறுப்பை அந்தப் பிள்ளையிடமே விட்டுவிடுங்கள்.

‘நாயகன்’ (1987) நம் தாராவியின் கதையாயிற்றே என்று பலரும் கேட்கிறார்கள். படத்தில் காணும் தாராவியின் பெரும்பகுதி தோட்டா தரணி சென்னையில் போட்ட அரங்கம் என்பது பிள்ளைகளுக்குச் சுவையான செய்திதான். ஆனாலும் வன்முறை மிகுதி என்பதால், 16 வயதுக்குக் கீழே நான் சொல்வதில்லை. அந்த வயதினருக்குப் பாலு மகேந்திராவின் ‘வீடு’ (1988) இன்னும் பயன்படும்: பாட்டே கிடையாது, நடுத்தரக் குடும்பத்துப் பெண் ஒருத்தி வீடு கட்டப் படும் பாடுதான் கதை, பேச்சும் அன்றாடப் பேச்சு.

மேடைத் தமிழுக்குள் நுழைய ‘திருவிளையாடல்’ (1965) படத்தின் தருமி காட்சியைவிட நல்ல வாசல் எனக்குத் தெரியாது. தருமியின் கேள்விகளும் சிவாஜி கணேசனின் பதில்களும் இரண்டு மூன்று சொற்களில் முடிந்துவிடுவதால், செந்தமிழைக் கண்டு யாரும் மிரள்வதில்லை. பிள்ளைகளையும் அதே போக்கில் எழுதவிடுங்கள், “மழைக்கு நிற்பது?” “ரயில்.” “எதற்கும் நிற்காதது?” “வாடகை ஏற்றம்!” என்று என் வகுப்பில் ஒரு ஜோடி எழுதியது. அவையில் சர்ச்சைக்கு உள்ளாகும் ‘கொங்குதேர் வாழ்க்கை’ குறுந்தொகையின் இரண்டாம் பாடல் என்று சொல்லி, அதே நாளில் அச்சில் காட்டிவிடுவது என் வழக்கம்.

எந்தப் படமானாலும் ஒரே அமர்வில் இரண்டரை மணிநேரம் உட்காரவைக்காதீர்கள். பத்துப் பன்னிரண்டு நிமிடத் துண்டு போதும். முன்னதாக நீங்கள் ஒருமுறை தனியே பார்த்துவிடுவதும் நல்லது. நிறத்தையும் உடலையும் கேலி செய்யும் நகைச்சுவை பழைய படங்களில் எதிர்பாராத இடங்களில் வரும். தாண்டிப் போவதா, நிறுத்திப் பேசுவதா என்பதை அப்போதே முடிவு செய்துகொள்ளலாம். நான் பெரும்பாலும் நிறுத்திப் பேசுகிறேன்.

இவ்வளவுக்கும் பிறகு ‘பராசக்தி’யை எடுங்கள். இம்முறை கலைஞரின் வசனத்தை அச்சில் கையில் கொடுத்து, சிவாஜி மூச்சு வாங்கும் இடங்களில் பென்சிலால் கோடு போடச் சொல்லிவிட்டு, ஒலியை நிறுத்தி அவர்களையே வாசிக்கவிடுங்கள்.