சாண எரிவாயுக் கலன்: கட்டும் முன் சாணத்தை எடை போடுங்கள்

கோபர் கேஸ் கட்ட நினைப்பவர்கள் வீட்டில் எத்தனை பேர் என்று கணக்கிடுகிறார்கள். கணக்கைத் தொழுவத்தில் தொடங்க வேண்டும். ஒரு கிலோ புதுச் சாணம் சுமார் 40 லிட்டர் வாயு தரும். நாளுக்கு 2 கன மீட்டர் வேண்டுமென்றால் 50 கிலோ சாணம் தேவை. கட்டுத்தறியில் நிற்கும் மாடு நாளுக்குச் சுமார் 10 கிலோ போடும். மேயப் போகும் மாட்டின் சாணத்தில் பெரும்பகுதி வெளியிலேயே விழுந்துவிடும். ஒரு வாரம் அள்ளி, எடை போட்டு, சராசரி பாருங்கள். கலனின் அளவை அந்தச் சராசரி முடிவு செய்யட்டும். சாணத்துக்குச் சம அளவு தண்ணீரும் தினமும் வேண்டும். கோடையில் அது கிடைக்காத இடத்தில் கலன் கட்டாதீர்கள்.

2 கன மீட்டர் வாயு ஏறக்குறைய 0.9 கிலோ சிலிண்டர் வாயுவுக்குச் சமம். ஐந்தாறு பேர் கொண்ட வீட்டின் அன்றாடச் சமையல் அதில் நடக்கும்.

மிதக்கும் இரும்பு டிரம் வகைக் கலனில் வாயு சேரச் சேர டிரம் மேலே எழும். அதனால் வாயு எவ்வளவு சேர்ந்திருக்கிறது என்பது கண்ணுக்குத் தெரியும், ஆனால் டிரம் துருப்பிடிக்கும். ஆண்டுதோறும் வண்ணம் பூச வேண்டும். 1984இல் வந்த தீனபந்து வகை முழுக்கச் செங்கல், சிமென்ட் குவிமாடம். செலவு குறைவு. ஆனால் உட்பூச்சில் மயிரிழை விரிசல் இருந்தாலும் வாயு கசியும் என்பதால், இதைக் கட்டிப் பழகிய கொத்தனார் கட்டாயம் வேண்டும்.

வெயில் படும் இடமாகவும், கிணற்றிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளியும் இருக்கட்டும். மர வேர் சுவரைப் பிளக்கும் என்பதால் மரங்களுக்கு அருகில் வேண்டாம். அடுப்புக்குப் போகும் குழாய் ஒரே சரிவாக இறங்க வேண்டும். அதன் தாழ்ந்த இடத்தில் நீர் வடிக்கும் வால்வு வையுங்கள்.

முதல் முறை முழுத் தொட்டியையும் சாணமும் தண்ணீரும் கலந்த கரைசலால் நிரப்ப வேண்டும். ஓடிக்கொண்டிருக்கும் வேறொரு கலனின் கரைசலைப் பத்தில் ஒரு பங்கு சேர்த்தால் நுண்ணுயிர்கள் சீக்கிரம் பெருகும். இரண்டு மூன்று வாரத்தில் வாயு வரத் தொடங்கும். முதலில் வருவதில் காற்றும் கரியமில வாயுவும் கலந்திருக்கும், சரியாக எரியாது. அதைத் திறந்தவெளியில் விட்டுவிடுங்கள், பக்கத்தில் நெருப்பு கூடாது. அதன் பிறகுதான் அன்றாடக் கரைசல். வைக்கோல், மணல், கல் நீக்கிக் கரையுங்கள்: வைக்கோல் மேலே ஆடையாகப் படிந்து வாயுவை மறிக்கும், மணல் அடியில் சேர்ந்து கொள்ளளவைக் குறைக்கும். பினாயில், சோப்புத் தண்ணீர், ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மாட்டின் சாணம் மூன்றும் நுண்ணுயிர்களைக் கொல்லும்.

சுடர் துடித்தால் குழாயில் நீர் நிற்கிறது, வடித்துவிடுங்கள். மஞ்சளாக நீண்டால் பர்னரின் காற்றுத் துளையைக் கூட்டுங்கள். சிலிண்டர் அடுப்பின் ஜெட் துளை இந்த வாயுவுக்கு மிகச் சிறியது. கோபர் கேஸுக்கென்றே செய்த அடுப்பு வாங்குங்கள். புளித்த நாற்றம் அடித்து, வாயுவும் எரியவில்லையென்றால் உள்ளே அமிலம் கூடிவிட்டது. சமையலறைக் கழிவைத் திடீரென்று அதிகம் கொட்டும்போது இப்படி ஆகும். சில நாள் எதுவும் போடாமல் விட்டு, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு 7ஐ ஒட்டி வந்ததும் கொஞ்சம் கொஞ்சமாகத் தொடங்குங்கள்.

பழுது பார்க்கக் கலனுக்குள் யாரும் தனியே இறங்கக் கூடாது. உள்ளே மூச்சுவிடக் காற்றில்லை, ஹைட்ரஜன் சல்பைடு என்ற நச்சு வாயுவும் தேங்கியிருக்கும். இதில் உயிர் போகும். கரைசலை வெளியேற்றி, நன்றாகக் காற்றோட்டம் செய்து, தெரிந்தவர்களைக் கொண்டே செய்ய வேண்டும்.

இந்த எரிபொருள் பசுமையானதா என்பதைக் கசிவுதான் தீர்மானிக்கிறது. வாயுவில் 55 முதல் 65 விழுக்காடு மீத்தேன். எரித்தால் நன்மை, எரியாமல் வெளியேறினால், 100 ஆண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப் போல சுமார் 27 மடங்கு பூமியைச் சூடாக்கும். மாதம் ஒருமுறை இணைப்புகளில் சோப்பு நுரை தடவிப் பாருங்கள். மிஞ்சும் வாயுவை வீணே விடாமல் மாட்டுத் தீவனம் வேகவைக்கவாவது எரியுங்கள்.

வெளிவரும் கரைசலில் சாணத்தின் தழைச்சத்து ஏறக்குறைய முழுதும் இருக்கும். வெயிலில் காயவைத்தால் அதில் ஒரு பகுதி அமோனியாவாகப் பறந்துவிடும். பாசன வாய்க்காலில் கலந்து விடலாம். இல்லையென்றால் நிழலில் குழி வெட்டி, சருகும் வைக்கோலும் அடுக்கடுக்காகப் போட்டு அவற்றின் மேல் ஊற்றி மக்க வையுங்கள்.