குடியை விடச் சம்மதித்தால், அன்றைக்கே கிளம்புங்கள்

எங்கள் பக்கம் பழநி பாதயாத்திரைக்கு மாலை போட்ட கையோடு குடியைச் சட்டென்று விடுபவர்கள் உண்டு. தினமும் நிறையக் குடித்தவருக்கு அது ஆபத்து. சில மணி நேரத்தில் கை நடுக்கம், வியர்வை. முதல் 2 நாளுக்குள் வலிப்பு வரலாம். 2, 3 நாளில் இல்லாத ஆளோடு பேசுமளவுக்குப் புத்தி தடுமாறலாம். காரைக்குடி வீட்டுத் திண்ணையில் சித்தப்பா டம்ளரை இரண்டு கையாலும் பிடித்தும் காபி வேட்டியில் சிந்தியது. அப்போதுதான் எங்களுக்கு உறைத்தது.

வலிப்போ குழப்பமோ வந்துவிட்டால் உடனே 108. மற்றபடி, போதை மீட்புக்கான இலவச எண் 14446-இல் வழி கேட்கலாம். சிவகங்கை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்கு நேரேயும் போகலாம். 'சரி, வர்றேன்' என்ற மனசு மத்தியானம் வரை தாங்காது. அதனால் ஆதார் நகல், பழைய மருந்துச் சீட்டு, இரண்டு கைலி ஒரு பையில் முன்கூட்டியே இருக்கட்டும்.

எவ்வளவு குடிப்பார், கடைசியாக எப்போது குடித்தார் என்பதை டாக்டரிடம் மறைக்காதீர்கள். எங்கள் அப்பத்தா கௌரவம் பார்த்துக் கணக்கைப் பாதியாக்கிவிட்டார்! மருந்தின் அளவே அதை வைத்துத்தான்.

தனியார் மையம் என்றால் இரவிலும் டாக்டர், நர்ஸ் உண்டா என்று கேளுங்கள். 'அடித்துத் திருத்துவோம்' என்கிற இடம் வேண்டவே வேண்டாம். குழம்பில் அவருக்குத் தெரியாமல் குடியை நிறுத்தும் மாத்திரை கலப்பதும் கூடாது. அதன்மேல் குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து உயிரே போகலாம்.