சாவு வீட்டுச் செலவு: முதல் இரவில் நாம் செய்யும் தவறுகள்

அப்பா இறந்த இரவு எங்கள் தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசலிலிருந்து ஐந்து பேர் ஆளுக்கொரு பக்கம் ஓடினார்கள். பெட்டியும் வாகனமும் தரும் மலர்ச்சாலைக்கு ஒருவர், கூடாரத்துக்கு ஒருவர், கடைக்கு மூன்று பேர். எல்லாரும் பாசத்தில்தான் ஓடினார்கள். ஆனால் ஒருவரும் விலை கேட்கவில்லை. எட்டாம் நாள் சடங்கு முடிந்த மறுநாள் கடைக் கொப்பியைப் பார்த்தால் சீனி மட்டும் 18 கிலோ. மூன்று பேரும் தனித்தனியாக எங்கள் கணக்கில் வாங்கியிருந்தார்கள்.

அதனால், அழுதுகொண்டிருக்கும் மனைவி பிள்ளைகளிடம் காசுப் பொறுப்பைக் கொடுக்காதீர்கள். சித்தப்பாவோ மச்சானோ, நிதானமான ஒருவர் கொப்பியோடு உட்காரட்டும். அவர் சொன்னால்தான் சாமான் என்று கடையில் சொல்லி வையுங்கள்.

மலர்ச்சாலையில்தான் பெரிய காசு போகிறது. பளபளக்கும் பெட்டியைப் பார்த்ததும் "அப்பாவுக்கு இதுகூடச் செய்யாமலா" என்று மனது அடித்துக்கொள்ளும். அந்த நேரத்தில் விலை பேசக் கூச்சமாக இருக்கும். கூச்சப்படாமல் கேளுங்கள்: பெட்டி, உடல் கெடாமலிருக்க மருந்தேற்றும் எம்பாம், வாகனம் எல்லாம் சேர்த்த தொகையா, தனித்தனியா? கொழும்பிலிருந்து உடலைக் கொண்டுவருவதென்றால் ஹட்டன் டவுன் வரைக்கும் பேசாமல், லயத்து வாசல் வரைக்கும் பேசி எழுதி வாங்குங்கள்.

எத்தனை நாள் வைத்திருப்பது என்பதையும் அன்றிரவே முடிவு செய்ய வேண்டும். மத்திய கிழக்கில் வேலை செய்யும் மகள் வர வேண்டுமென்றால் காத்திருப்பது நியாயம்தான். டிக்கெட் உறுதியாகாமல் "நாளைக்கு வந்துவிடும்" என்று தள்ளினால், ஒவ்வொரு இரவுக்கும் தேத்தண்ணி, பிஸ்கட், வெற்றிலை, கூடார வாடகை ஏறும். குழி வெட்டுகிறவர்களுக்கென்று தொடங்கும் சாராயமும் அப்படித்தான். அதை முதலிலேயே நிறுத்திவிடுங்கள்.

தோட்டத்தில் மரண உதவிச் சங்கம் இருந்தால் சந்தாவை நிலுவை வைக்காதீர்கள். யார் யார் பெயர் அதில் இருக்கிறது என்று இப்போதே பாருங்கள்.

அப்புறம், வரவேண்டிய காசு. 1983ஆம் ஆண்டுப் பணிக்கொடைச் சட்டப்படி, 5 வருடம் வேலை செய்து முடித்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. அவர் இறந்தால் அது வாரிசுகளுக்குச் சேரும். ஊழியர் சேமலாப நிதியும் ஊழியர் நம்பிக்கை நிதியும் வேறு. ஆனால் இதெல்லாம் அடக்கத்துக்குக் கைகொடுக்காது, பிறகுதான் வரும். அதை நம்பி வட்டிக்கு வாங்காதீர்கள். கருமாதியைக் கையிலுள்ள காசுக்கு ஏற்றபடி சின்னதாகச் செய்தால் போதும்.

மரணத்தைப் பதியப் போகும்போது அடையாள அட்டையை மறக்காமல் கொண்டுபோங்கள். தோட்டத்து வேலைப் பதிவான செக்ரோலில் ஒரு பெயர், அட்டையில் ஒரு பெயர், வீட்டில் ஒரு பெயர் என்பது நம் ஆட்களிடம் சாதாரணம். எங்களுக்கும் அதுதான் நடந்தது. அவசரத்தில் வீட்டில் கூப்பிடும் பெயரையே சொல்லிவிட்டோம். அதைத் திருத்த அம்மா நான்கு தடவை பஸ் ஏறினார், நான்கு நாள் பேரும், அதாவது நாட்சம்பளமும், போனது.