வெளியூரில் போட்டோ திறக்கவில்லையா? அவசரத்தில் இதையெல்லாம் செய்துவிடாதீர்கள்

ஹம்பியில் ஒரு நாள் முழுக்கச் சுற்றிவிட்டு, ராத்திரி ஹொசபேட்டையில் தங்கியிருந்த அறையில் லேப்டாப்பைத் திறந்தோம். நண்பர் தன் ஐபோனில் எடுத்த படங்களைக் காப்பி பண்ணினார். விட்டலர் கோயில் கல்தேர் உட்பட ஒரு படமும் திறக்கவில்லை. "எல்லாம் கெட்டுப்போச்சுடா" என்று மொத்தமாக அழிக்கப் போனவரின் கையைப் பிடித்து நிறுத்தினேன். ஒரு படம்கூடக் கெட்டிருக்கவில்லை. பெரும்பாலான நேரம் படம் நன்றாகத்தான் இருக்கும், பதற்றத்தில் நாம் செய்கிற வேலைதான் அதைக் கெடுக்கிறது.

ஐபோன் 7 முதல் வந்த போன்கள், 2017-இல் வெளியான ஐஓஎஸ் 11-க்குப் பிறகு, படங்களை வழக்கமான ஜேபெக் (ஜேபிஜி) வடிவில் இல்லாமல் ஹெச்இஐசி என்ற வடிவில் சேமிக்கின்றன. இடம் ஏறக்குறைய பாதிதான் பிடிக்கும், ஆனால் பல விண்டோஸ் கம்ப்யூட்டர்களுக்கு அது புரியாது. உடனே பலர் செய்வது, ஃபைல் பெயரின் கடைசியில் இருப்பதை அழித்துவிட்டு ஜேபிஜி என்று மாற்றுவது. பெயர்தான் மாறும், உள்ளே இருப்பது அப்படியே இருக்கும். இந்தப் படங்களை விண்டோஸில் திறக்க உதவும் ஹெய்ஃப் இமேஜ் எக்ஸ்டென்ஷன் என்ற சிறு மென்பொருள் மைக்ரோசாஃப்ட் ஸ்டோரில் இலவசம். கூடவே ஹெச்இவிசி வீடியோ எக்ஸ்டென்ஷனும் வேண்டும் என்று கம்ப்யூட்டர் கேட்கலாம், அதற்குச் சிறு கட்டணம் உண்டு. அடுத்தவர் கம்ப்யூட்டர் என்றால் இதையெல்லாம் ஏற்ற முடியாது. அப்போது போன் செட்டிங்ஸில் போட்டோஸ் பகுதியின் அடியில் 'ஆட்டோமேட்டிக்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் காப்பி செய்தால் ஜேபெக்காக மாறியே வரும். நூற்றுக்கணக்கில் ஒரேயடியாக இழுத்தால் பாதியில் நின்றுவிடுகிறது, கொஞ்சம் கொஞ்சமாக எடுங்கள். இனி எடுக்கப்போகும் படங்களுக்கு, அதே செட்டிங்ஸில் கேமரா பகுதியில் உள்ள ஃபார்மட்ஸில் 'மோஸ்ட் கம்பேட்டிபிள்' வைத்துவிட்டால் தொல்லையே இல்லை.

முன்பின் தெரியாத இணையதளத்தில் குடும்பப் படங்களை ஏற்றி மாற்றித் தரச் சொல்லாதீர்கள். குழந்தைகள் படமும் அதில் இருக்கும் அல்லவா?

கேமராக்காரர்களுக்கு வேறு கதை. கேனனின் சிஆர்3, நிக்கானின் என்இஎஃப், சோனியின் ஏஆர்டபிள்யூ எல்லாம் ரா ஃபைல்கள், அதாவது கேமரா பதிந்ததை ஜேபெக்காக மாற்றாமல் வைத்திருப்பவை, எல்லாக் கம்ப்யூட்டரிலும் திறக்காது. ஊருக்குக் கிளம்பும்போதே, இரண்டு வடிவிலும் சேமிக்கும்படி கேமராவில் 'ரா பிளஸ் ஜேபெக்' வைத்துக்கொள்ளுங்கள்.

மிகப் பெரிய தவறு, கேமராவில் போடும் மெமரி கார்டான எஸ்டி கார்டு விஷயத்தில்தான் நடக்கிறது. கார்டைச் செருகியதும் "இந்த டிஸ்கை ஃபார்மட் செய்யவா?" என்று விண்டோஸ் கேட்கும், தூக்கக் கலக்கத்தில் கை தானாக ஓகே பக்கம் போகும். தயவுசெய்து கேன்சல் அழுத்துங்கள். 32 ஜிபிக்கு மேற்பட்ட கார்டுகள் எஸ்டிஎக்ஸ்சி வகை, பழைய கார்டு ரீடர்கள் பல அதைப் படிக்காது. அதனால் கார்டை மறுபடி கேமராவிலேயே போட்டுப் பாருங்கள். அங்கே படம் தெரிந்தால் கார்டு நன்றாக இருக்கிறது என்று அர்த்தம், கேமராவையே யூஎஸ்பி ஒயரில் இணைத்து எடுத்துவிடலாம். அங்கேயும் தெரியவில்லையா? அந்தக் கார்டில் இனி ஒரு படமும் எடுக்காதீர்கள். புதுப் படம் பழையதன் மேல் எழுதிவிட்டால் எந்த மென்பொருளாலும் மீட்க முடியாது. 'ஸ்கேன் அண்ட் ஃபிக்ஸ்' என்று வருவதையும் இப்போதைக்கு விட்டுவிடுங்கள், அது சில சமயம் ஃபைல்களைத் துண்டு துண்டாக்கிவிடும். கார்டைத் தனியாக எடுத்து வையுங்கள், வீட்டுக்கு வந்து போட்டோரெக் என்ற இலவச மென்பொருளில் முயலலாம். மீட்ட படங்களை அதே கார்டில் சேமிக்காமல் வேறு டிரைவில் சேமிக்க வேண்டும், இது ரொம்ப முக்கியம்.

அப்புறம், கட் பண்ணி பேஸ்ட் பண்ணும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். நடுவில் ஒயர் ஆடினாலோ கரன்ட் போனாலோ சில படங்கள் அங்கேயும் இல்லாமல் இங்கேயும் இல்லாமல் போகலாம், ஃபைல் அளவு 0 கேபி என்று நிற்கலாம். காப்பி மட்டும் பண்ணுங்கள், முடிந்ததும் 'எஜெக்ட்' கொடுத்துவிட்டுக் கார்டை உருவுங்கள்.

காப்பி ஆனதும் சின்னச் சின்னப் படங்களாக வரிசையில் தெரிவதைப் பார்த்துத் திருப்தி அடையாதீர்கள். அந்தச் சின்னப் படம் ஃபைலின் தொடக்கத்திலேயே தனியாகப் பதிந்திருக்கும், ஆகவே அது பளிச்சென்று தெரியும்போதே உள்ளே பாதிப் படம் சாம்பல் நிறமாக இருக்கலாம். முதலில் சில, நடுவில் சில, கடைசிப் படம் என்று முழு அளவில் திறந்து பாருங்கள், அதன் பிறகு கார்டைக் காலி செய்யலாம்.