நாற்பது லிட்டரில் செஞ்சி மலை

ஆடி மாதம் எனக்கு வேலை கிடையாது. கல்யாண போட்டோகிராபருக்கு ஆடியும் மார்கழியும் ஒன்றுதான். முகூர்த்தம் இல்லை, கேமரா பை மூலையில் கிடக்கும். அப்படி ஒரு ஆடியில் ஆரம்பித்ததுதான் இந்த மீன்தொட்டி. திண்டிவனத்திலிருந்து திருவண்ணாமலை போகும் வழியில் செஞ்சி நெருங்கும்போது தெரியுமே, யாரோ கூடை கூடையாகக் கொட்டிவிட்டுப் போன மாதிரி பாறைக் குவியல், அதைக் கண்ணாடித் தொட்டிக்குள் கொண்டுவர வேண்டும் என்று ஒரு ஆசை. மீன் வளர்ப்பது ரெண்டாம்பட்சம்.

முதல் தடவை சொதப்பிவிட்டது. நாள் முழுக்கக் கல் அடுக்கி, செடி நட்டு, தண்ணீர் நிரப்பி, ராத்திரி ஒரு படம் எடுத்து என்னிடம் வேலை பார்க்கும் தம்பியிடம் காட்டினேன். அவன் போனை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அண்ணே, லாரியில ஜல்லி கொட்டி வச்ச மாதிரி இருக்கு" என்றான். கோபம் வந்தது. ஆனால் படத்தை மறுபடி பார்த்தால் ஜல்லிதான். நேரில் பார்க்கும்போது மலையாகத் தெரிந்தது படத்தில் ஏன் ஜல்லியானது என்று யோசித்ததில்தான் இந்த முறை பிடிபட்டது: தொட்டியில் ஒரு கல் வைப்பதற்கு முன்னால் கேமராவை ஸ்டாண்டில் வைத்துவிடுவது.

நேரில் நாம் ஒரு இடத்தில் நிற்பதில்லை. குனிகிறோம், நகர்கிறோம், ரெண்டு கண்ணால் பார்க்கிறோம். ஆழம் தானாகத் தெரிகிறது. கேமராவுக்கு ஒரே கண், ஒரே இடம். போதாக்குறைக்குத் தண்ணீர் வேறு. நேராகப் பார்த்தால் தண்ணீருக்குள் இருக்கும் தூரம் முக்கால் பங்காகத்தான் தெரியும். தொட்டியின் பின்கண்ணாடி 30 செ.மீ. தள்ளி இருந்தால், தண்ணீர் நிரப்பியதும் 22, 23 செ.மீ. தள்ளி இருப்பது போலத்தான் இருக்கும். காய்ந்த தொட்டியில் பிரமாதமாக இருந்த ஆழம் தண்ணீர் விட்டதும் தட்டையாகிவிடுவது இதனால்தான். ஆகவே ஆழத்தைக் கொஞ்சம் அதிகமாகவே ஏமாற்றி வைக்க வேண்டும்.

என் தொட்டி 45 நீளம், 30 அகலம், 30 உயரம், எல்லாம் செ.மீ. கணக்குப்படி 40 லிட்டர். கண்ணாடிக் கடையில் 5 எம்.எம். கண்ணாடியில் செய்து வாங்கினேன். முன்கண்ணாடியில் கீறல் இருந்தால் அங்கேயே திருப்பிக் கொடுத்துவிடுங்கள், படத்தில் அது நம்மைப் பார்த்துச் சிரிக்கும். கல், மண், தண்ணீர் எல்லாம் சேர்ந்து 60 கிலோவை நெருங்கும் என்பதால் பழைய டீப்பாய் ஆகாது. கீழே ஒரு தெர்மாகோல் பலகை போட்டுத் தொட்டியை வையுங்கள். எதிரே ஒன்றரை மீட்டர் தள்ளி கேமரா ஸ்டாண்ட். லென்ஸின் நடு, தொட்டியின் பாதி உயரத்துக்கு நேராக வர வேண்டும். ஸ்டாண்டின் மூன்று காலும் நிற்கிற இடத்தில் தரையில் டேப் ஒட்டிவிட்டேன். போனில் எடுப்பவர்கள் பக்கத்தில் போய் எடுக்காமல், தள்ளி நின்று 2 எக்ஸ் லென்ஸில் எடுங்கள். பக்கத்தில் போனால் ஓரங்கள் வளையும்.

இனி கல். செஞ்சி மலையிலிருந்து எடுக்கக் கூடாது, அது தொல்லியல் துறை பாதுகாக்கும் இடம். குவாரிக் கல்லும் சரிப்படவில்லை. உடைத்த கல்லுக்கு முனை கூர்மையாக இருக்கும், செஞ்சிப் பாறைகள் வெயிலிலும் மழையிலும் கிடந்து உருண்டு திரண்டவை. கடைசியில் மாமனார் ஊரில் மல்லாட்டை (வேர்க்கடலை) கொல்லை வரப்பில் கிடைத்தது. ஏர் ஓட்டும்போது எடுத்துப் போட்ட கற்கள், பல வருஷம் அங்கேயே கிடந்து முனை மழுங்கியவை. "வரப்பைச் சுத்தம் பண்ண வந்த ஒரே மாப்பிள்ளை நீங்கதான்" என்றார் மாமனார். சந்தேகம் இருக்கும் கல்லில் பாத்ரூம் கழுவும் ஆசிட் ஒரு சொட்டு விட்டுப் பாருங்கள். நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து, அது கரைந்து தண்ணீரை இன்னும் கடினமாக்கும். நம் பக்கத்துக் கருங்கல் நுரைக்காது. சோதித்த கல்லை நன்றாகக் கழுவிவிட்டு, எல்லாவற்றையும் பிரஷ் போட்டுத் தேய்த்து, கொதிக்கும் தண்ணீரை மேலே ஊற்றுங்கள். கல்லையே அடுப்பில் போட்டு வேகவைக்க வேண்டாம், வெடிக்கலாம்.

என் ஜல்லிக் குவியலில் என்ன தப்பு என்றால், எல்லாக் கல்லும் கிட்டத்தட்ட ஒரே அளவு. மலையில் அப்படி இருக்காது. பெரிய பாறை ஒன்று இருந்தால் அதன் காலடியில் நடுத்தரமாக நாலைந்து, அதற்கும் கீழே கைப்பிடி கைப்பிடியாகச் சில்லு. இந்தத் தடவை ஒரே ஒரு பெரிய கல், அதன் உச்சி தொட்டியின் உயரத்தில் மூன்றில் ரெண்டு பங்குக்கு, அதாவது 20 செ.மீ. அளவில் நின்றது. அதுதான் செஞ்சிக் கோட்டை மலைகளில் பெரியதான ராஜகிரி. அதை நடுவில் வைக்கவில்லை, இடமிருந்து 28 செ.மீ. தள்ளி வைத்தேன். அங்கே இருக்கும் மற்ற ரெண்டு மலைகளான கிருஷ்ணகிரிக்கும் சந்திரகிரிக்கும் அதில் பாதி உயரத்தில் ரெண்டு கல், ஒன்றைக் கொஞ்சம் முன்னால், ஒன்றை நன்றாகப் பின்னால் தள்ளி. மீதியெல்லாம் பொடிசுகள், பின்னால் போகப் போகச் சின்னதாக. கல்லில் ஓடும் கோடுகள் எல்லாம் ஒரே பக்கம் சாய்ந்திருக்கட்டும். ஒன்று குறுக்கே ஓடினாலும் கண் அங்கேயே போய் நிற்கும்.

ஒவ்வொரு கல்லுக்கும் ஒரு படம் எடுத்தேன். மிகையில்லை, அன்றைக்கு 140 படம். எடுத்ததைக் கறுப்பு வெள்ளையாக்கிப் பார்ப்பேன், பிறகு இடவலம் திருப்பிப் பார்ப்பேன், பிறகு கட்டைவிரல் அளவுக்குச் சுருக்கிப் பார்ப்பேன். சுருக்கின படத்திலும் மலை தெரிந்தால் கல் சரியான இடத்தில் இருக்கிறது. "கல்யாண ஆல்பத்துக்குக்கூட நீங்க இவ்வளவு நேரம் உக்காந்ததில்ல" என்று வீட்டில் சொன்னார்கள். உண்மைதான். கல்லை ரெண்டு நாள் அப்படியே விட்டு, போகும்போதும் வரும்போதும் பாருங்கள்.

மண் முன்னால் 3 செ.மீ., பின்னால் 12 செ.மீ. அவ்வளவு சரிவு நிற்காது, ரெண்டு வாரத்தில் வழிந்துவிடும். பின்பக்கம் அடியில் வெங்காயம் வரும் வலைப்பையில் கல் சில்லுகளைக் கட்டிப் போட்டு, அதன்மேல் செடிக்கான அக்வா சாயிலைக் கொட்டினேன். மண்ணும் மிச்சம், சரிவும் நின்றது. பெரிய கல்லுக்கு அடியில் கண்ணாடிமேல் ஒரு பிளாஸ்டிக் வலை கட்டாயம். முன்னால் வெள்ளை மணலில் ஒரு பாதை விட்டேன். முன்கண்ணாடியில் 9 செ.மீ. அகலம், பின்னால் போய் மறைகிற இடத்தில் 1 செ.மீ. இந்தப் பாதை ஒன்றே தொட்டிக்கு இன்னொரு முழம் ஆழம் கொடுத்தது.

செடி விஷயத்தில் அடக்கம் வேண்டும். செடி செழிக்கத் தண்ணீரில் விடும் கார்பன் டை ஆக்ஸைடு சிலிண்டர் நான் வைக்கவில்லை. அது இல்லாமல் மான்டே கார்லோ புல்விரிப்புக்கு ஆசைப்பட்டேன், பாதி மிதந்தது, மீதி பழுத்தது. இப்போது இருப்பது பாறை இடுக்கில் ஜாவா பாசி, புதர்போல நானா பெடிட் வகை அனுபியாஸ், காலடியில் கிரிப்டோகோரைன் பார்வா, பின்னால் ரோட்டலா ரோட்டண்டிஃபோலியா. எல்லாம் சின்ன இலை. பெரிய இலை ஒன்று வந்தால் மலை சட்டென்று கூழாங்கல் ஆகிவிடும். அனுபியாஸின் தண்டுக்கிழங்கை மண்ணில் புதைத்தால் அழுகும், துளி ஃபெவிக்விக் வைத்துக் கல்லில் ஒட்டிவிடலாம். பாசியையும் அப்படியே, நகக்கண் அளவுக்குக் கிள்ளி ஒட்டினால் போதும். விளக்கு முதல் மாதம் 6 மணி நேரம், டைமர் போட்டு. அதிகம் எரித்தால் செடி வளர்வதற்கு முன்னால் பச்சைப் பாசம் பிடிக்கும்.

தண்ணீர்தான் எங்கள் ஊரில் தலைவலி. போர் தண்ணீர் ஊற்றினால் வாரத்தில் கண்ணாடியில் வெள்ளைக்கோடு விழும். அதனால் பாதி போர், பாதி ஆர்.ஓ. கலக்கிறேன். ஆவியாகிக் குறைவதற்கு ஆர்.ஓ. மட்டும் ஊற்றுவேன், ஏனென்றால் ஆவியாவது தண்ணீர்தான், உப்பு அங்கேயே நிற்கும். குழாய்த் தண்ணீர் விடுபவர்கள் குளோரினை எடுக்க வேண்டும். மீன்கடையில் ஆன்டி குளோரின் என்று கேட்டால் கொடுப்பார்கள். அதில் பெரும்பாலும் இருப்பது சோடியம் தயோசல்பேட், ஃபிலிம் காலத்தில் இருட்டறையில் நாங்கள் ஹைப்போ என்று கூப்பிட்ட அதே உப்பு. ஃபிலிம் கழுவின கையால் மீன்தொட்டியில் அதைப் போட்டபோது பழைய சிநேகிதனைப் பார்த்த மாதிரி இருந்தது. பழைய இருட்டறைக் கரைசலைத் தொட்டியில் ஊற்றிவிடாதீர்கள், அதில் வேறு சரக்கும் இருக்கும்.

புது அக்வா சாயில் அம்மோனியா விடும், மீனுக்கு அது விஷம். முதல் வாரம் ஒருநாள் விட்டு ஒருநாள் பாதித் தண்ணீரை மாற்றுங்கள், பிறகு வாரம் இருமுறை. ஃபில்டரில் அதைத் தின்னும் பாக்டீரியா குடியேறி, அம்மோனியாவும் நைட்ரைட்டும் சோதனையில் பூஜ்யம் காட்டும்வரை மீன் கிடையாது. எனக்கு ஐந்து வாரம் ஆனது. அப்புறம் 10 எம்பர் டெட்ரா விட்டேன், ஒவ்வொன்றும் 2 செ.மீ. முதல் தொட்டியில் கப்பி விட்டிருந்தேன், ராஜகிரிமேல் ஏரோப்ளேன் பறந்த மாதிரி இருந்தது. மீன் எவ்வளவு சின்னதோ மலை அவ்வளவு பெரிசு. வெயில் காலத்தில் ஒரு சின்ன ஃபேனைத் தண்ணீர்ப் பரப்பில் படும்படி வைத்தால் ரெண்டு டிகிரி குறையும்.

ஐப்பசி மழையில் ஒரு ராத்திரி, மூன்று மாதம் கழித்துப் படம் எடுத்தேன். நடுவில் அவசரப்படவில்லை. பத்து நாளுக்கு முன்னாலேயே ரோட்டலாவை வெட்டிவிட்டேன். வெட்டின அன்றைக்கு மொட்டையாக இருக்கும், பத்து நாளில் புதுத் துளிர் வந்து நுனியெல்லாம் ஒரே சீராக நிற்கும்.

எடுக்கும் நாளில் முதல் வேலை துடைப்பது. உள்பக்கம் பழைய ஏடிஎம் கார்டு, வெளிப்பக்கம் வினிகர் நனைத்த துணி. ஃபில்டரை நிறுத்தி, குழாயை வெளியே எடுத்து, கண்ணாடியில் ஒட்டியிருக்கும் குமிழிகளைத் தடவி விட்டு, மிதக்கும் தூசு அடங்க அரைமணி நேரம் விடுங்கள். ஜன்னலை மூடி, அறை விளக்கை அணைத்து, கேமராவுக்குப் பின்னால் கறுப்புத் துணி தொங்கவிடுங்கள். நானும் கறுப்புச் சட்டைதான் போட்டேன். கல்யாண வீடியோவில் கண்ணாடியில் தெரியும் போட்டோகிராபரைப் பார்த்திருப்பீர்கள், அதே கதை. தொட்டிக்குப் பின்னால் பட்டர் பேப்பர் ஒட்டி, அதற்கும் பின்னால் ஒரு விளக்கைக் கீழிருந்து மேலே படும்படி வைத்தால் அடிவானம் வெளுத்து, மேலே போகப் போக மங்கும். மலைக்குப் பின்னால் விடிகிற மாதிரி.

தொட்டி விளக்கில் மட்டும் எடுப்பதானால் ஷட்டர் வேகம் 1/100 அல்லது 1/50 நொடி. நம் கரண்ட் 50 ஹெர்ட்ஸ் என்பதால் சாதாரண எல்இடி நொடிக்கு 100 தடவை துடிக்கும், வேறு வேகத்தில் படத்தில் பட்டை விழலாம். வெளிச்ச உணர்திறன் ஐஎஸ்ஓ 800, லென்ஸ் திறப்பு எஃப் 5.6 எனக்குச் சரியாக வந்தது. ஆனால் 1/100-ல் ஓடும் மீன் படத்தில் கொஞ்சம் மங்கலாக இழுக்கும். அதனால் ரெண்டாவது சுற்று ஃபிளாஷ். முன்னாலிருந்து அடித்தால் கண்ணாடிதான் மின்னும். தொட்டி விளக்கை எடுத்துவிட்டு, மேலே ரெண்டு ஃபிளாஷை ஒரு கம்பியில் இறுகக் கட்டி, பட்டர் பேப்பர் வழியாக நேராகக் கீழே பார்க்க வையுங்கள். எஃப் 9, ஐஎஸ்ஓ 200, ஷட்டர் 1/160. மீனின் செதில்வரை வெட்டினது போல வரும். வெள்ளை மணலும் உச்சிப் பாறையும் வெளுத்துப் போகாமல் இருக்க, வெளிச்ச அளவை மணலுக்கு ஏற்றபடி வையுங்கள், இருட்டைப் பிறகு கம்ப்யூட்டரில் தூக்கிக்கொள்ளலாம். கேமராவைச் சாய்க்கவே கூடாது, கண்ணாடியைச் சாய்வாகப் பார்த்தால் ஓரமெல்லாம் நிறம் பிரிந்து மங்கும்.

கடைசி ஒரு வேலை. அசையாத தண்ணீர்ப் பரப்பு படத்தில் கோடு போட்ட மாதிரி தெரியும். தொட்டி அலங்காரப் போட்டிக்குப் படம் எடுப்பவர்கள் மேலே ஹேர் டிரையர் காற்று அடித்துச் சிற்றலை எழுப்புவார்கள். தண்ணீருக்கு மேல் கரண்ட் சாமான் பிடிக்க எனக்குத் தைரியம் இல்லை. தம்பி கையில் பனையோலை விசிறியைக் கொடுத்தேன். "ஒண்ணு, ரெண்டு" என்று எண்ணி அவன் ஒரு வீசு வீச, நான் ஒரு கிளிக். மீன் கூட்டம் பாதைக்கு மேலே ஒன்றாகத் திரும்பிய அந்த ஒரு படம் 63வது. தொட்டிக்குள் இயற்கைக் காட்சி அமைக்கும் இந்தக் கலையை உலகத்துக்குப் பிரபலமாக்கிய ஜப்பானியர் தகாஷி அமானோவும் (1954–2015) அடிப்படையில் போட்டோகிராபர்தான். அவர் பெரிய பெரிய ஃபிலிம் கேமராவில் எடுத்தார். 63 கிளிக் என்றால் அவருக்குக் கட்டுப்படியாகியிருக்காது.

எடுத்து முடித்ததும் ஃபில்டரை மறுபடி போட மறக்காதீர்கள். நான் ஒரு தடவை படம் பார்க்கிற சந்தோஷத்தில் தூங்கிவிட்டேன். காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, நல்லவேளை ஒன்றும் சாகவில்லை. இப்போது ஃபில்டரை நிறுத்தும்போதே லென்ஸ் மூடியை அந்த ஸ்விட்ச்மேல் டேப் போட்டு ஒட்டிவிடுகிறேன். கேமராவைப் பைக்குள் வைக்க வேண்டுமானால் மூடியைத் தேடி அங்கேதான் போயாக வேண்டும்.